கை ஊன்றாமல்

பொழுது புலரும் முன்பே சலவைக்கூடத்தின் ஈரப்பக்கம் ஆவியில் மூழ்கிவிடும். மருத்துவமனைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் இயந்திரத்துக்குள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, செத்த மாடு போலக் கனக்கும். ஒரு காலை இயந்திரத்தின் விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றை இழுக்க வேண்டும். பிளீச்சிங் நெடி தொண்டையைக் கரகரக்க வைக்கும். நெட்டை அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தார். பட்டப்பெயர்தான் நெட்டை. இப்போது முதுகு கூனி, கூட வேலை செய்யும் தன் மகளின் தோளுக்குத்தான் வந்தார்.

சுவருக்கு அப்பால் உலர்பக்கம். அங்கே சூட்டு உருளையில் இஸ்திரி போடுகிறவர் நெட்டையின் தங்கை புருஷன். இருவருக்கும் ஒரே வயது; ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இஸ்திரிக்காரர் ஊர்க்காரர். நெட்டையின் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன் பிழைக்க வந்தவர்கள். நிறம் வேறு, பேச்சின் இழுப்பு வேறு. “அவங்களுக்குத் தண்ணி ஒத்துக்கும்” என்று முதலாளியின் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். வந்தவர்கள் ஈரத்துக்கு, ஊர்க்காரர்கள் உலர்பக்கத்துக்கு என்று அதுவே சட்டமாகிவிட்டது.

போன வாரம் முதலாளி முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார். வயதானவர்கள் அதில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எங்கும் ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். முடியாதவர்களுக்கு வேலை இல்லை.

இஸ்திரிக்காரர்தான் முந்திக்கொண்டு போனார். கிழடுகள் எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறோம் என்று காட்டிவிட்டால் முதலாளி அத்தோடு விட்டுவிடுவார் என்பது அவர் நினைப்பு. சாவி கொடுத்த பொம்மை போல எழுந்தார், உட்கார்ந்தார். போதாததற்குக் கடைசியில் ஒரு குதி குதித்தும் காட்டினார். உலர்பக்கத்தார் விசிலடித்தார்கள். முதலாளியும் கைதட்டினார்.

“இதுதான் அளவு” என்றார். “அடுத்த ஆள்!”

நெட்டை உட்கார்ந்தார். எழ முயன்றபோது தொடை நடுங்கியது. பாதியில் நின்று, கை தானாகவே முழங்காலைத் தேடியது. அப்புறம் வந்த ஈரப்பக்கத்தார் அநேகமாக எல்லோருக்கும் அதே கதிதான்.

“பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஒரே சந்துல வீடு. அப்ப ஈரவேலை மேல என்ன குத்தம்?” முதலாளி சிரித்தார். “அவங்க உடம்புவாகு அப்படி. சீக்கிரம் தளர்ந்துடுவாங்க. திங்கக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம். அதோட சரி.”

இஸ்திரிக்காரர் உலர்பக்கத்துக்குத் திரும்பி நடந்தார். குதித்த கால் இன்னும் தரையில் படாதது போல இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் நெட்டையின் மகள் குழம்புச் சட்டியோடு வந்தாள். அத்தை செத்த பிறகு ஒற்றை ஆளாகிவிட்ட மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருவது அவள் வழக்கம். சட்டியை வழக்கத்தைவிடப் பலமாக வைத்தாள்.

“சாப்பிடுங்க மாமா. ஆடின களைப்பு இருக்கும்ல.”

“நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்.”

“நல்லதுதான் செஞ்சீங்க. அப்பா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்து எந்திரிச்சுப் பழகிட்டிருக்காரு. ரெண்டு தடவை விழுந்துட்டாரு.” சட்டியின் மூடியைத் திறந்தாள். “அத்தையும் இப்படித்தான விழுந்தாங்க?”

அவர் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். அவர் மனைவியும் ஈரப்பக்கம்தான். அவரைவிட இளையவள். கடைசி வருஷங்களில் இரண்டு படி ஏறவும் சுவரைப் பிடிப்பாள். “ஏண்டி, ஆமைக்குப் பொறந்தியா?” என்று அவர் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே, “ஆமைதான் ரொம்ப நாள் இருக்குமாம், தெரியுமா?” என்பாள். ஒரே சட்டிச் சோறு தின்று, ஒரே கூரையின் கீழ் படுத்தும், அவள்தான் முதலில் கிழவியானாள். அது ஏன் என்று அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது முதலாளி பதில் சொல்கிறார்: உடம்புவாகு. அதற்குச் சாட்சி, அவள் புருஷன்.

மறுநாள் காலை உருளையில் விரிப்பை விடும்போது மடிப்புக்காரியிடம் மெல்லப் பேச்செடுத்தார். எல்லோருடைய குடும்பக் கதையும் அவளுக்கு அத்துப்படி.

“நம்ம பக்கத்துல இந்த வயசுல கூன் விழுந்தவங்க யாரு, சொல்லு.”

அவள் யோசித்தாள். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “ஒருத்தரும் இல்லையே அண்ணே.”

“அந்தப் பக்கம்?”

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, கையை மூடிக்கொண்டாள். “இதை வெளிய சொன்னா நம்மளையும் ஈரத்துக்கு அனுப்பிடுவாங்க அண்ணே” என்றாள்.

“அனுப்பட்டும்னுதான் சொல்லப் போறேன்.”

“உங்களுக்கென்ன, ஒண்டிக்கட்டை!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மத்தியானத்துக்குள் அந்தக் கேள்வி உலர்பக்கம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

திங்கட்கிழமை முற்றத்தில் கூட்டம். முதலாளி உற்சாகமாக இருந்தார். “எங்க நம்ம ஹீரோ? வாங்க, முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க.”

இஸ்திரிக்காரர் போய் உட்கார்ந்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். எழவில்லை.

“ம், எந்திரிங்க.”

“முடியல முதலாளி.”

“விளையாடாதீங்க. போன வாரம் குதிச்சீங்களே!”

“போன வாரம் புத்தி இல்ல. என்னை வச்சு இவங்களை அளந்தீங்க. என்னைப் பத்து வருஷம் ஈரத்துல போட்டிருந்தா நானும் இப்படித்தான் ஆகியிருப்பேன். மச்சானை உருளைக்கு அனுப்புங்க. அந்தப் பக்கம் நான் போறேன். ரெண்டு பக்கமும் ஆளை மாத்தி மாத்திப் போடுங்க. அப்புறம் வைங்க சோதனை.”

“உங்களுக்கும் வேலை போயிடும், தெரியுமா?”

“தெரியும்.”

இஸ்திரிக்காரர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மடிப்புக்காரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கும் முட்டி பிடிச்சுக்கிச்சு முதலாளி. தொத்து வியாதி போல.”

யாரோ சிரித்துவிட்டார்கள். உலர்பக்கத்தாரில் ஒருவர் உட்கார்ந்தார், பிறகு இன்னொருவர். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். உள்ளே உருளை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

“சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் கணக்கு முடிச்சிடுவேன்!” முதலாளி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார்.

நெட்டை தட்டுத்தடுமாறி வந்து இஸ்திரிக்காரரின் தோளைத் தொட்டார். “எந்திரி மச்சான். எங்களுக்காக நீ ஏன்?”

“உனக்காக இல்லடா. உன் தங்கச்சிகிட்ட ஒரு பதில் சொல்லணும்.” அவர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். “நீயும் உக்காரு.”

“உக்கார்ந்துடுவேன். அப்புறம் யார் தூக்கி விடுறது?”

மகள் ஒரு பக்கமும் மடிப்புக்காரி ஒரு பக்கமும் பிடித்து, நெட்டையை மெல்ல மெல்லத் தரையில் இறக்கினார்கள். அவரை மறுபடி எழுப்ப இன்னும் பலம் வேண்டியிருக்கும். அதற்கு அந்த முற்றத்தில் ஆட்கள் இருந்தார்கள்.