கழற்றிப் பார்த்து வாங்கிய கோட்டு

கடைக்குப் போய் உடுப்பைப் போட்டுப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கழற்றிப் பார்ப்பவரை அன்றைக்குத்தான் கண்டேன். அவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்.

துறைமுகத்துக்குப் பின்னால் கயிறும் மிதவையும் தூண்டில் முள்ளும் விற்கிற கடை அது. மழைக்காலத்துக்கென்று மாடி அறை முழுக்க மழைக்கோட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். படியேறும்போதே புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. எனக்குத்தான் வாங்க வந்திருந்தோம். மறுநாள் விடிந்ததும் நான் அவரோடு கடலுக்குப் போக வேண்டும்.

போன மழைக்கு அவருடைய கூட்டாளி நெட்டை கடலில் விழுந்து செத்துப்போனான். எங்கே போனாலும் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிற உயரம், அதனால் ஊருக்கே அவன் நெட்டை. விழுந்தான், போய்விட்டான் என்பதற்கு மேல் இவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு எங்கள் படகில் ஏற ஒருத்தரும் முன்வரவில்லை. எங்களிடம் முதுகு வலி, மூட்டு வலி என்று சொன்னார்கள். தங்களுக்குள் ராசியில்லாத படகு என்று பேசிக்கொண்டார்கள். வெயில் நாட்களில் இவர் தனியாகவே ஓட்டிச் சமாளித்தார். மழையில் அது நடக்காது. ஒரு ஆள் எஞ்சினைப் பிடித்தால்தான் இன்னொரு ஆள் வலை இழுக்க முடியும். எங்கள் பக்கத்தில் மீன் கரையோரம் வருவதும் மழையில்தான்.

வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலை தைக்கிறவள் நான். அலையில்லாத நாட்களில் எஞ்சின் பிடித்துப் பழகியிருக்கிறேன். "நான் வரேன்" என்று வாயை விட்டேன். முடியவே முடியாது என்று குதித்தார். வீட்டு நிலைமை அவர் வாயை அடைத்தது.

கடைக்கார அக்கா முதலில் எடுத்துக் காட்டியது நெஞ்சு வரைக்கும் ஏறுகிற மஞ்சள் கால்சட்டை. கீழே பூட்ஸும் சேர்த்தே ஒட்டியிருந்தது. "இதைப் போட்டுக்கிட்டா ஒரு சொட்டு உள்ள போகாது. பழைய சரக்கு, அதான் விலை கம்மி" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். கைக்கெட்டிய விலையில் காலிலிருந்து கழுத்து வரை கவலையில்லை.

"இதையே எடுத்துக்கலாங்க" என்றேன்.

அவர் அதை என் கையிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டார். "அது வேணாம்."

"ஏன், என்ன குறை அதுல?"

"வேணாம்னா விடு."

அக்காவின் முகம் சுருங்கியது. அவளைச் சமாதானப்படுத்த, பக்கத்தில் தொங்கிய நல்ல கோட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு மாதிரி கனமே இல்லை. உள்ளே வேர்க்காது, வெளியிலிருந்து நனையாது என்றாள். விலைச்சீட்டைத் திருப்பினேன். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல அதைச் சத்தமில்லாமல் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

அடுத்தது தனித்தனியாக வருகிற ஜோடி. மேலே கோட்டு, கீழே தோளில் மாட்டுகிற பட்டை வைத்த கால்சட்டை, பட்டையில் அமுக்கினால் திறக்கிற கொக்கி. ஆண்களுக்குத் தைத்ததுதான், பெண்களுக்கென்று அந்தக் கடையில் ஒன்றுமே இல்லை. மாட்டிக்கொண்டு நின்றேன். பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள் அவர் சொன்னார்: "கண்ணை மூடு."

"எதுக்கு?"

"மூடு. இப்ப கழட்டு."

கழற்றினேன். திரும்பப் போடச் சொன்னார். ஒரு கையால் கழற்றச் சொன்னார். உட்கார்ந்துகொண்டு கழற்றச் சொன்னார். கடைசியில், அந்த அழுக்குத் தரையில் மல்லாந்து படுத்துக் கழற்றச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் சார், பில்லு போடறதுக்கு முன்னாடியே கழட்டச் சொல்றீங்க?" என்றாள். "மானத்தை வாங்காதீங்க" என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பூட்ஸும் என் காலுக்குப் பெரியதாகவே எடுத்தார்.

"நடந்தா கழலுதுங்க."

"கழலணும்" என்றார்.

கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அதில் இரண்டு கையையும் முக்கி எடுத்துக்கொண்டு வந்தார். நான் அப்போது வேறொரு வழவழப்பான கோட்டைப் போட்டிருந்தேன். என் முன்கையை இறுக்கிப் பிடித்து, "பிடுங்கிட்டுப் போ பாக்கலாம்" என்றார். சும்மா இழுத்தேன். கை சறுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு சொரசொரப்பான ஆரஞ்சுக் கோட்டை மாட்டச் சொல்லி மறுபடி பிடித்தார். எத்தனை இழுத்தும் கை விடவில்லை. "இதுதான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கடலில் விழுவதை விதவிதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற உடுப்பு தேடிக்கொண்டிருக்கிறார் மனுஷர். அதுவரை மழையில் நனைவதைப் பற்றித்தான் நான் பயந்திருந்தேன்.

தெருவில் இறங்கி நடக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"நெட்டை கையை நான் பிடிச்சேன். நல்லாதான் பிடிச்சேன். கோட்டு வழுக்கிருச்சு, சோப்பு மாதிரி. மறுபடி பிடிச்சேன், மறுபடி வழுக்கிருச்சு. அவன் போட்டிருந்தது அந்த மஞ்சள் கால்சட்டை. உள்ள தண்ணி ரொம்பிருச்சு. அவனால காலை உதற முடியல, என்னால தூக்க முடியல." உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "என்னைப் பாத்துக்கிட்டேதான் போனான்."

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்களுக்கு ஒண்ணு எடுக்கலையே?"

"எனக்குப் பழசு கிடக்கே. நான் எங்க விழப்போறேன்?"

அந்தப் பழசு எது என்று எனக்குத் தெரியும். நெட்டையும் இவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி எடுத்தது. அதே மஞ்சள், அதே வழவழப்பு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கையில் இருந்த பணம் எனக்கு வாங்கியதோடு தீர்ந்துவிட்டது. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் வானம் இடிந்து விழுவதுபோல மழை. கரையை விட்டு வந்ததுமே எனக்குக் கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல். தலைமேல் போட்டிருந்த கோட்டுத் தொப்பியில் மழை அடிக்கிற சத்தத்தில் எஞ்சின் சத்தம்கூடக் காதில் விழவில்லை. அவர் முன்னால் நின்று கையைக் காட்டுவார், நான் அந்தப் பக்கம் திருப்புவேன். ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கிப் போடும்போது ஈரக்குலை தொண்டைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அவர் மட்டும் அடிக்கடி திரும்பி என் கோட்டையே பார்த்தார். கொக்கி போட்டிருக்கிறேனா, தொப்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் காலையில் தனியாகப் போட்டுவிட்டு வந்த வலையைத் தேடிப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். பாதி வலை படகுக்குள் வந்து குவிந்துவிட்டது. மீனும் மோசமில்லை. அப்புறம் வலை எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. என்னைப் பார்த்து, "அப்படியே நிறுத்து" என்று கத்திவிட்டு, ஓரத்தில் வயிற்றை வைத்துக் குனிந்தார். ஒரு அலை பக்கவாட்டில் வந்து படகைச் சாய்த்தது. நான் பிடிமானத்துக்காகக் கண நேரம் கண்ணை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் இருந்த இடத்தில் ஆள் இல்லை.

எஞ்சினை அணைத்தேன். அணைத்தது நான்தானா என்றுகூட நினைவில்லை. அவர் படகை ஒட்டித்தான் மேலே வந்தார். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய் குப்புற விழுந்து அவர் கையைப் பிடித்தேன். கோட்டு வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்தேன். மறுபடி வழுக்கியது. சோப்பு மாதிரி என்று அவர் சொன்னபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றிருந்தேன். சோப்பேதான்.

அவர் என்னைப் பார்த்தார். நெட்டையும் இப்படித்தான் பார்த்திருப்பான். இப்படியே பார்த்துக்கொண்டே போய்விடப் போகிறார், நானும் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

பக்கத்தில் வலை குவியலாகக் கிடந்தது. வாரி எடுத்து அவர் மேல் போட்டேன். படகில் ஏறுகிற யாரும் செய்யத் துணியாத காரியம் அது. வலைக்குள் சிக்கிய மனுஷனும் மீனும் ஒன்றுதான், தெரியும். ஆனால் ஈரக் கையில் வழுக்காத பொருள் அந்தப் படகில் அது ஒன்றுதான் இருந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணும் என் கை போட்ட முடிச்சு.

"யோவ்! விரலை உள்ள விடுய்யா! பிடிய்யா!"

கட்டிய நாளிலிருந்து அவரை 'நீங்க' தவிர வேறு சொன்னதில்லை. அன்று என் வாயில் வந்த வசவுகளைக் கேட்டிருந்தால் மீன் சந்தையே காதைப் பொத்தியிருக்கும். அவர் விரல்களை வலைக்குள் விட்டு முறுக்கிக்கொண்டார். நான் பலகையில் காலை முட்டுக் கொடுத்து இழுத்தேன். தலை வந்தது, தோள் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கால்சட்டைக்குள் தண்ணீர் நிரம்பி, கீழே இன்னொரு ஆள் அவரைப் பிடித்துத் தொங்குவதுபோல இருந்தது.

வலையை என் இடுப்பில் சுற்றிக்கொண்டு, வலை அறுக்கிற கத்தியை எடுத்தேன். அவர் போனால் நானும் போவேன் என்று தெரிந்தேதான் சுற்றினேன். கழுத்தருகே கத்தியை விட்டு, கோட்டோடு சேர்த்துக் கால்சட்டைப் பட்டைகள் இரண்டையும் அறுத்தேன். அவசரத்தில் அவர் தோளும் கொஞ்சம் கிழிந்தது. "காலை உதறு! உதறுய்யா!" மஞ்சள் கால்சட்டை பூட்ஸோடு கழன்று கீழே போயிற்று. அடுத்த அலை தூக்கியபோது பின்பக்கமாகச் சாய்ந்து மொத்த பலத்தையும் போட்டேன். மீனும் வலையும் அவருமாக என் மேல் வந்து விழுந்தார்கள்.

உள்ளாடையோடு படகின் அடியில் கிடந்து குடித்த கடலையெல்லாம் கக்கினார். தார்ப்பாயை எடுத்து அவர் மேல் போட்டேன். அவருக்குப் பல் தந்தியடித்தது, எனக்கு உடம்பே தந்தியடித்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை வெளியே நீட்டி, என் கோட்டின் கழுத்துப் பட்டிக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"உள்ள தண்ணி போச்சா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "செத்துப் பொழைச்சு வந்து கேக்குற கேள்வியா இது?"

"சொல்லு. நனைஞ்சியா?"

கோட்டு நல்ல கோட்டு. மழையும் உள்ளே வரவில்லை, அலையும் வரவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே தொடையோடு ஒட்டி ஈரமாக இருந்தது. எப்போது ஆனதென்று எனக்கே தெரியாது. கட்டின புருஷனிடம்கூடச் சொல்ல வாய் கூசுகிற விஷயம். சொன்னேன்.

"வெளியிலருந்து ஒண்ணும் வரல. பயத்துல நானே நனைச்சுக்கிட்டேன்."

இதை வைத்துக் காலம் முழுக்கக் கிண்டல் செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. மழை முகத்தில் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"அவன் போனதுலருந்து எனக்குத் தினம் அதுதான். படகைத் தள்ளும்போதே ஆயிரும். மழைன்னா யாருக்கும் தெரியாது. வெயில் நாள்னா, கரைக்கு வர்றதுக்கு முன்னாடி தண்ணில ஒருதரம் முங்கிட்டு வருவேன்."

வெயில் காலம் முழுக்க அவர் சொட்டச் சொட்டத்தான் வீட்டுக்கு வந்தார். "சின்னப் பிள்ளையா நீங்க, கடல்ல விளையாடிட்டு வர்றீங்க?" என்று ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டே அந்தத் துணியைத் துவைத்துப் போட்டவள் நான்.

"ஏங்க, என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா போக விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். விடாமல் வைத்திருந்தால் என்ன சாப்பிட்டிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தார்ப்பாய்க்குள் கையை விட்டு அவர் கையைத் தேடிப் பிடித்தேன். பிறகு எழுந்து போய் எஞ்சின் கயிற்றை இழுத்தேன். கரை எந்தப் பக்கம் என்று அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.