கூடப் பேசுகிறவள்

டாக்சி ஆபீசில் அழைப்பு எடுக்கும் அவளை டிரைவர்கள் எல்லோரும் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடிநாக்கில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து அவள் மறுபடி ஹெட்போனை மாட்டிய அன்று, ஒருத்தன் வண்டியை ஓரங்கட்டி ஹாரன் அடித்தே கொண்டாடினானாம்.

எச்சில் ஊறாததால் மேசையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வாய்க்கும் இருமி, மூச்சு முட்டி, கண்ணில் நீர் வந்துவிடும். அந்தக் கோலத்தில் யார் எதிரில் சாப்பிடுவது? தனியாகவே சாப்பிட்டாள். பிறகு இருமல் தானாக நின்றுபோனது.

"அப்பாடா, தொண்டை ஒருவழியா சரியாயிடுச்சு," என்றார் கணவர்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சங்கதி தொடங்கியது.

மதியம் சாப்பிட்டுவிட்டு எடுத்த அழைப்பில், மீசை என்று எல்லோரும் சொல்லும் டிரைவர் கேட்டான்: "அக்கா, பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே. ஏன்?"

"உங்க கூடவே யாரோ பேசுறாங்க."

"லைன் சரியில்ல. நீ வண்டியப் பாத்து ஓட்டு."

மறுநாள் வாடிக்கையாளர் ஒருவர் எரிந்து விழுந்தார். "யாராவது ஒருத்தர் பேசுங்கம்மா. ரெண்டு பேரும் பேசினா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஊர் வரைபடம். சக ஊழியரின் நாற்காலி காலி.

பதிவான அழைப்பைப் போட்டுக் கேட்டாள். "எங்கேருந்து ஏறுறீங்க?" என்று அவள் குரல். அதற்கு அடியில், அதே வார்த்தைகளை வாய் நிறையத் தண்ணீரோடு இன்னொருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் பேச்சு முடிந்த பிறகும் மற்றவள் களகளவென்று ஏதோ சொல்லித்தான் அடங்கினாள்.

கணவரிடம் சொன்னபோது, "மெஷின் கோளாறா இருக்கும்," என்றார். அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு, "கதவைச் சாத்தினீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

முன்னறையிலிருந்து அவர் கேட்டார்: "யாரு வந்திருக்கா?"

அவள் தானே போய்க் கதவைச் சாத்தினாள்.

கவனித்ததில் ஒன்று புரிந்தது. வெறும் வயிற்றில் பேசினால் மற்றவள் வருவதில்லை. எதையாவது விழுங்கினால் வந்துவிடுகிறாள். 'அவளுக்கல்லவா சோறு போட்டு வளர்க்கிறேன்' என்று தோன்றியதும் கரண்டியைக் கீழே வைத்தாள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனாள். சட்டை தொளதொளத்தது. ஆனாலும் மாலையானால் காய்ச்சல் அடித்தது; மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. கணவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே விழுங்கும் பயிற்சி தரும் பெண் அவளை ஒரு எக்ஸ்ரே இயந்திரத்துக்கு முன் உட்காரவைத்து, வெள்ளையாக ஒரு திரவத்தைக் குடிக்கச் சொன்னாள். திரையில் ஒரு மண்டையோடு தாடையை அசைத்தது. அது தன்னுடையதுதான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெள்ளையாகக் குடித்தது அங்கே கறுப்பாக இறங்கி, தொண்டையில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கோடு வயிற்றுப் பக்கம் போனது. இன்னொன்று மூச்சுக்குழாய்க்குள் மெதுவாக வழிந்தது. மண்டையோடு அசையாமல் இருந்தது.

"இப்ப ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இல்லையே. நல்லாத்தானே இறங்குச்சு?"

"குடிச்சதுல பாதி நுரையீரலுக்குப் போகுது. கதிர்வீச்சுல அந்த இடம் மரத்துப்போச்சு, அதான் இருமல் வரல. குரல்ல கேக்குற களகளப்பு அங்க தேங்குற தண்ணிதான்."

"இருமல் நின்னுடுச்சுன்னு சந்தோஷப்பட்டோமே," என்றார் கணவர். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்து, வயிற்றில் குழாய் பொருத்தினார்கள். சாப்பாடு அதன் வழியாகப் போனது. வாய்க்கென்று கெட்டியான கஞ்சி நாலு கரண்டி மட்டும். மோவாயைத் தாழ்த்தி, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கி, வேண்டுமென்றே இருமவேண்டும். மாதங்கள் போகப்போகக் குரல் தெளிந்தது. வேலைக்கும் திரும்பினாள். மற்றவள் வரவில்லை. ஆனாலும் லைன் திறந்ததும் சில நொடி காதைக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

கணவர் அவள் கண்ணில் படாமல் சமையலறையில் நின்றபடியே அவசரமாகச் சாப்பிடுவதை ஒருநாள் பார்த்தாள்.

"என்ன திருட்டுச் சாப்பாடு? தட்டை எடுத்துட்டு இங்க வாங்க."

அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் அவர் கழுத்தையே பார்த்தாள். குரல்வளை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"இப்படிப் பாத்துட்டே இருக்காத. எனக்கு இறங்க மாட்டேங்குது."

"இறங்குது," என்றாள் அவள். "நான்தான் பாத்துட்டிருக்கேனே."