பச்சைப் பூ பீர்

மாந்தோப்பு வீட்டின் பின்பக்கம் சோலைச்சாமி ஐஸ்கட்டியைச் சாக்கோடு தரையில் போட்டு, கருங்கல்லால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தான். உடைந்த துண்டுகளை அள்ளி நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் போட்டான். தொட்டியில் பெரிய பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் நான்கு நின்றன. அவற்றுக்குத் தகர மூடி கிடையாது. பீங்கான் மூடியை ஒரு கம்பி இழுத்துப் பிடித்திருந்தது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திறந்த சுவடு தெரியாமல் மூடிவிடலாம்.

அவன் ராஜபாளையத்து நூல் மில் முதலாளி ரங்கநாத்தின் டிரைவர். முதலாளியின் மகளைப் பெங்களூரில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். அங்கே முதலாளியின் அக்கா மகன் பிரேம்குமார், கூட்டாளிகளோடு சேர்ந்து சின்னதாக ஒரு பீர் தயாரிக்கும் இடம் வைத்திருந்தான். மாமாவும் பங்கு போட வேண்டும் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ருசி பார்க்கட்டும் என்று இந்தப் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி, டிக்கியில் ஏற்றிவிட்டான். "ஓசூர் செக்போஸ்ட்ல யாரும் கேட்டா தண்ணி பாட்டில்னு சொல்லுங்கண்ணே" என்றான். ஓசூரைத் தாண்டும்வரை சோலைச்சாமிக்கு ஸ்டியரிங்கில் கை வழுக்கிக்கொண்டே இருந்தது.

சேலத்துக்குச் சற்று முன்னால் வண்டிக்குள் புல் வாசம் அடித்தது. ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தால், ஒரு பாட்டிலின் கம்பி நழுவி நுரை வழிந்துகொண்டிருந்தது. கம்பியைத் திரும்ப மாட்டினான். போர்வை ஊறிப்போயிருந்தது. மதுரையில் ஒரு ஜூஸ் கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். பாட்டில் கசிந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

ரங்கநாத்தும் அவருடைய சிநேகிதர் லக்ஷ்மணும் வீட்டின் முன்னால் மாமர நிழலில் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். லக்ஷ்மண் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல். எதையும் அவரிடம் காட்டிக் கேட்காமல் ரங்கநாத் பணம் போடுவதில்லை.

"புரட்டாசி சனிக்கிழமையாப் பாத்துக் கூப்பிட்டிருக்கியேய்யா" என்றார் லக்ஷ்மண்.

"நாளைக்குப் பிரேம் வாரான், பதில் கேக்க. இது நாளாக ஆக ருசி போயிருமாம். என்னமோ பச்சப் பூ போட்டதாம்."

சோலைச்சாமி கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிவிட்டுத் தள்ளி நின்றான். நுரை தடிப்பாக ஏறி நின்றது. கீழே கலங்கலான மஞ்சள். லக்ஷ்மண் டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"பீருன்னா அந்தப் பக்கம் நிக்கிற ஆளு தெரியணும். இது கம்மாத் தண்ணி மாதிரில்லா இருக்கு." முகர்ந்து பார்த்தார். உதட்டை நனைத்து, உடனே டம்ளரைக் கீழே வைத்தார். "கசப்பா இது? தொண்டையப் பிடிக்கி. எவனோ கை வச்சிருக்கான்யா."

ரங்கநாத் ஒரு வாய் குடித்துவிட்டு, மருமகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அது அப்படித்தான் மாமா இருக்கணும்" என்றான் பிரேம்குமார். "ஹாப்ஸ்னு ஒரு கொடி. அந்தப் பூவைக் காய வச்சுத்தான் எல்லாரும் போடுவாங்க. நாங்க ஹிமாச்சல்ல பறிச்சு, பிளைட்ல வரவச்சு, வாடுறதுக்கு முன்னாடி கொப்பரையில போட்டோம். வடிகட்டுறதும் இல்ல. அறுத்த புல்லு வாசம், நார்த்தங்காத் தோல் வாசம் வந்தா நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்." பிறகு கேட்டான். "சோலையண்ணன் சில்லுனே கொண்டுவந்தாரா? வழியில சூடு பட்டிருந்தா நான் பொறுப்பில்ல மாமா."

போன் அடங்கியதும் லக்ஷ்மண் எழுந்து தொட்டியருகே போனார். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வரிசையாக வைத்தார். அதுவரை திறக்காத ஒன்றில் கழுத்துக்குக் கீழே, நாலு விரல் அளவுக்குக் குறைந்திருந்தது.

"இது ஏன் கொறையுது?"

"சேலத்துக்கு முன்னால கம்பி விட்டுருச்சுங்கய்யா. போர்வையெல்லாம் நனைஞ்சு போச்சு."

"நேத்தே ஏம்ல சொல்லல?" என்றார் ரங்கநாத்.

சோலைச்சாமி பாட்டிலின் ஈரத்தைத் துண்டால் துடைத்தான்.

"சரி, அந்தப் போர்வை எங்க?" என்று கேட்டார் லக்ஷ்மண்.

"எம்பொண்டாட்டி மாடத்தி தொவச்சுப் போட்டுட்டாங்கய்யா."

லக்ஷ்மண் சிரித்தார். "சாட்சியத் தொவச்சுக் காயப் போட்டாச்சு. குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வச்சியாடே?"

"தண்ணி ஊத்தியிருந்தா அது நெறஞ்சிருக்குமேங்கய்யா."

கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னான். ஆனால் லக்ஷ்மணின் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நல்லாப் பேசுதான் ஒன் டிரைவரு. ரங்கநாத், நான் ஒண்ணு சொல்லுதேன். மூடியத் தொறந்திருக்கு. உள்ள என்ன போச்சுன்னு நமக்குத் தெரியாது. கண்டதக் கலந்து குடிச்சுச் செத்தவன் கதைய தெனமும் பேப்பர்ல பாக்கோம். மொதல்ல அவன் குடிக்கட்டும்."

"மொதலாளி, வண்டி ஓட்டணும்" என்றான் சோலைச்சாமி. "சனிக்கிழமை வேற. விரதம். பொழுதடைய மாடத்தியக் கூட்டிக்கிட்டுத் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை பெருமாள் கோயிலுக்குப் போகணும்னு இருக்கேன்."

"பாத்தியா, குடிக்க மாட்டேங்கான்" என்றார் லக்ஷ்மண்.

ரங்கநாத் தட்டிலிருந்த முந்திரிப்பருப்பை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "குடிச்சிரு சோலை. ஒரு டம்ளர்தான. சந்தேகம் தீந்துரும்லா."

தண்ணீர் குடிக்க வைத்திருந்த பெரிய எவர்சில்வர் டம்ளரில், குறைந்திருந்த பாட்டிலிலிருந்து லக்ஷ்மணே ஊற்றிக் கொடுத்தார். சோலைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை. முதல் மடக்கில் வேப்பங்கொழுந்தைக் கடித்த கசப்பு. அது இறங்கியதும் மாவிலையைக் கசக்கியதுபோல ஒரு வாசம் மூக்குக்கு ஏறியது. இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் லக்ஷ்மண்.

"கசக்குதுங்கய்யா."

"மத்த பாட்டில்லயும் குடி. ரெண்டும் ஒண்ணான்னு சொல்லு."

அதையும் குடித்தான். "ஒண்ணுதாங்கய்யா."

"ஒண்ணுன்னு நீயே சொல்லிக்கிட்டா ஆச்சா?" லக்ஷ்மண் எதிரே இருந்த படிக்கட்டைக் காட்டினார். "அங்கன உக்காரு. கண்ணு சொருகுதா, வாந்தி வருதான்னு செத்த நேரம் பாப்போம்."

படிக்கட்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. சோலைச்சாமி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். காதுக்குள் சூடாக இருந்தது. அவர்கள் மில் வேலைநிறுத்தம் பற்றியும், நெல்கட்டும்செவல் பக்கம் விலைக்கு வந்த ஒரு நிலம் பற்றியும் பேசினார்கள். இடையிடையே லக்ஷ்மண் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு ரங்கநாத் டம்ளர்களை நிரப்பினார்.

"ரெண்டாவது ரவுண்டுலதான்யா இது பிடிபடுது" என்றார் லக்ஷ்மண். "மொதல்ல கசப்பு. பொறவு நார்த்தங்கா. பய சொன்னது சரிதான்."

"அப்ப போடலாம்ங்கிற?"

"பங்கு பத்திரத்த நான் ஒருக்காப் பாக்கேன். ஆனா சரக்கு நல்ல சரக்கு."

குறைந்திருந்த பாட்டிலைத்தான் அவர்கள் கடைசியாகக் காலி செய்தார்கள்.

சாயங்காலம் வழக்கு விஷயமாக ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வருவதால் லக்ஷ்மண் புறப்பட்டார். அவரைக் காரில் கொண்டுபோய் விடச் சொன்னார் ரங்கநாத். சோலைச்சாமி ரங்கநாத்திடம் போய் மெதுவாகச் சொன்னான்.

"மொதலாளி, மில்லுல டிரைவர் முத்துக்குமரன் இருப்பான். அவன வரச் சொல்லட்டுமா? நான் குடிச்சிருக்கேன்."

"அவன் லோடு ஏத்திக்கிட்டு இருக்கான். பீருக்கெல்லாம் என்ன ஆகுது? மெதுவாப் போ."

மெதுவாகத்தான் போனான். பின்சீட்டில் லக்ஷ்மண் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். வண்டிக்குள் பீர் வாடை நிறைந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டோரம் மஞ்சள் துணியில் சாரிசாரியாக வந்தார்கள். கூட்டத்துக்காகப் போலீஸ் தடுப்பு போட்டு ஒவ்வொரு வண்டியாக நிறுத்திக்கொண்டிருந்தது.

இளவயது பெண் எஸ்.ஐ. ஒருவர் கண்ணாடியைத் தட்டி, ஊதும் மிஷினை நீட்டினார். "ஊதுங்க. நிறுத்தாம ஊதுங்க."

மிஷின் கத்தியது. அவர் எண்ணைப் பார்த்துவிட்டு அவனை இறங்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஏட்டு அவன் நெற்றியைப் பார்த்தார். "நாமத்தப் போட்டுக்கிட்டு இந்த வேலையா?"

சோலைச்சாமி பின்சீட்டைப் பார்த்தான். லக்ஷ்மண் சட்டைப்பையிலிருந்து கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"அட்வகேட் லக்ஷ்மண், மேடம்."

"தெரியும் சார்."

"பிரண்டோட டிரைவர்னு நம்பி ஏறிட்டேன். கொஞ்ச தூரம் வந்த பொறவுதான் வாடை தெரிஞ்சது. எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

"எங்க குடிச்சீங்க?" என்று எஸ்.ஐ. சோலைச்சாமியிடம் கேட்டார்.

தோப்பு என்று சொன்னால் யார் தோப்பு என்று கேட்பார்கள். அந்தப் பீர் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று கேட்பார்கள். கொண்டுவந்தவன் அவன்தான். லக்ஷ்மண் அவனையே பார்த்துக்கொண்டு கிராம்பை மென்றார்.

"டாஸ்மாக்ல மேடம்" என்றான்.

லைசென்சை வாங்கி ஒரு கவருக்குள் வைத்தார் எஸ்.ஐ. கோர்ட்டில் வந்து பார்க்கச் சொன்னார். மிஷினைக் கையில் பிடிக்கச் சொல்லி ஏட்டு அவனைப் போட்டோ எடுத்தார். அதற்குள் லக்ஷ்மண் ஓர் ஆட்டோவை நிறுத்தியிருந்தார். சோலைச்சாமி ஓடிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, கோர்ட்டுல நீங்க வந்து ஒரு வார்த்த..."

"நான் எப்படிடே ஆஜராக? நானே வண்டிக்குள்ள இருந்தேன்லா." ஆட்டோ கிளம்பிவிட்டது.

ரங்கநாத்துக்குப் போன் போட்டான். நடந்ததை அவர் கேட்டுக்கொண்டார்.

"எங்க குடிச்சன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க மொதலாளி. டாஸ்மாக்னு சொன்னேன்."

"வண்டியில பாட்டில் ஏதும் கெடக்கா?"

"இல்ல மொதலாளி."

"சரி. முத்துக்குமரன அனுப்புதேன். சாவிய அவங்கிட்டக் குடுத்துரு. லைசென்ஸ் இல்லாம நீ வந்தும் ஆகப்போறது ஒண்ணும் இல்ல. நான் சொல்லும்போது வா."

எப்போது சொல்லுவார் என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

முத்துக்குமரன் மில் ஆள் ஒருவனோடு பைக்கில் வந்து இறங்கினான். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. எஸ்.ஐ. நீட்டிய மிஷினில் ஊதிக் காட்டினான். அது கத்தவில்லை. சோலைச்சாமி அவன் கையில் சாவியைக் கொடுத்தான். முத்துக்குமரன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தன் காலுக்குத் தோதாக அதை முன்னால் இழுத்துக்கொண்டான். கண்ணாடியைத் திருப்பிவைத்தான்.

"நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன்" என்றான் சோலைச்சாமி.

முத்துக்குமரன் அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "ஏத்த வேண்டாம்னு சொன்னாகண்ணே. நாளைக்குப் பெங்களூர்க்காரக வாராகளாம், வண்டி வாடையடிக்கக் கூடாதாம்."

நான்கு கதவுக் கண்ணாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கின. உள்ளேயிருந்த புல் வாசம் சோலைச்சாமியின் முகத்தில் வந்து மோதியது. வண்டி திரும்பி, நான்கு பக்கமும் திறந்தபடி, ராஜபாளையம் ரோட்டில் போயிற்று. கோயிலுக்கு நடந்து போகிற பெண்கள் அவனுக்கு அருகே வந்ததும் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பிள்ளைகளைக் கைப்பிடித்து அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டார்கள்.