பூட்டுப் போட என் வாய் எதற்கு

முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய் கலந்தர் பாய்க்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது. பாபநாசத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். குத்தகைக்கு வயலும் எடுத்திருக்கிறார். வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போக அவரிடம்தான் கடன் வாங்கினேன். அங்கே ஒரு சீமாட்டி ஏழு மாதச் சம்பளத்தைத் தராமல் ஏமாற்றினாள். வெறுங்கையோடு திரும்பினேன்.

புரட்டாசியில் டெல்லியிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். தமிழ்க்காரர்தான். அந்த நாடுகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். அவர் எழுதுவதைப் பெரிய அதிகாரிகள் படித்து, எந்த நாட்டோடு எப்படி நடந்துகொள்வது என்று முடிவு செய்வார்களாம். பாய்தான் அவரை என்னிடம் அனுப்பினார். நடந்ததைக் கேமரா முன்னால் சொன்னால் அவர் நாற்பதாயிரம் தருவதாகப் பேச்சு.

சொன்னேன். சம்பளம் தராதவளைச் சொன்னேன். என்னைப் போலீசுக்குக் கூட்டிப் போய், டிக்கெட்டுக்குத் தெருவில் வசூலித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவையும் சொன்னேன். அவளும் அந்த நாட்டுக்காரிதான்.

அவர் கேமராவை நிறுத்திவிட்டார். அந்த அம்மா வேண்டாமாம்.

"அங்க உள்ளவங்க சுபாவமே அப்படித்தான்னு சொல்லுங்கம்மா. அப்பதான் நம்ம பொம்பளைங்களை அனுப்பாம தடுக்க முடியும்."

முன்பு வேறொரு நாட்டைப் பற்றி எழுதி அப்படித் தடுத்ததைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு எங்கள் தெரு எழில்மொழி ஞாபகம் வந்தது. அந்தத் தடைக்குப் பிறகு திருட்டு வழியில் போனவள். பேர் எங்கேயும் பதிவாகாததால் அவளை எங்கே தேடுவதென்றே யாருக்கும் தெரியவில்லை.

"எங்க சம்பளத்துக்கு அந்த நாட்டோட பேசுங்கன்னு எழுதுங்க சார். ஊருக்கே பூட்டுப் போட என் வாய் எதுக்கு?"

நான் பார்த்தது ஒரே வீடுதானாம், அவர் பதினெட்டு வருஷமாக அந்த நாடுகளைப் படிக்கிறாராம்.

"படிங்க சார். என் பேரைச் சொல்லிப் படிக்காதீங்க" என்று எழுந்துவிட்டேன். பணத்தை அவர் பையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால் நாக்கு தேய்ந்தா போய்விடும், அந்த நாட்டு மேல் அவ்வளவு பாசமா என்று கடையில் நாலு பேர் நடுவில் கேட்டார். பாசமெல்லாம் இல்லை, அந்தச் சீமாட்டி மேல் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்றேன். கடனுக்கு என்ன வழி என்றார்.

ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாயின் நாற்று நட வேண்டிய நாள் தாண்டி முற்றிக்கொண்டிருந்தது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் பூதலூர் வரை அலைந்திருந்தார். எங்கள் நடவு செட்டில் பன்னிரண்டு பெண்கள்; எங்களுக்காக நாலைந்து வயல் காத்திருந்தது. யார் வயலில் முதலில் இறங்குவதென்று நான்தான் சொல்ல வேண்டும்.

"நாளைக்கே உங்க வயல்ல இறங்குறோம் பாய். மத்தவங்களுக்குக் கூலியைக் கையில கொடுத்துடுங்க. என் கூலியைக் கழிச்சுக்கங்க. வட்டின்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

"கடன்காரி நீ, கண்டிஷன் போடுறியா?"

"நாத்து உங்களுது பாய்."

கல்லாவைப் படாரென்று மூடினார். பிறகு, காலையில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார்.

அவர் வயல், அவர் மச்சான் வயல், நடவு, களை, உளுந்து பறிப்பு என்று கடன் கரைந்தது. அந்த டெல்லி ஆளின் புத்தகம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். வரட்டும். மறுவருஷம் குறுவைப் பயிருக்குக் களை எடுத்து முடிந்த அன்று, பாய் முதன்முறையாக என் கூலியை என் கையிலேயே கொடுத்தார்.