உப்புக் கடி

தட்சணாமூர்த்தி அண்ணன் ஒரே வாரத்துல மூணாவது தடவையா போன் பண்ணப்போ எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஏம்பா அருளு, நீ மாட்டின பெட்டி மறுபடியும் விழுந்துடுச்சுப்பா"ன்னாரு. விழுந்துடுச்சுன்னா சுவத்துலேர்ந்து இல்ல, டிரிப் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

மரக்காணத்துல அருள்பிரகாசம்னா நல்ல எலக்ட்ரீசியன்னு சொல்லுவாங்க. கோவக்காரன்னும் சேத்து சொல்லுவாங்க. ரெண்டும் உண்மைதான். நான் செஞ்ச வேலையைக் குறை சொன்னா எனக்குத் தாங்காது. அதுவும் அண்ணன் வீட்டுல பழைய ஃப்யூஸ் பலகையைக் கழட்டினப்போ ஃப்யூஸ் கட்டை ஒவ்வொண்ணும் பச்சை பூத்து, தொட்டா உதிர்ந்துச்சு. கடக்காத்து சும்மா விடுமா? எல்லாத்தையும் தூக்கிக் கடாசிட்டு புதுசா பெட்டி வெச்சு, ரூமுக்கு ஒரு சுவிட்ச்சும் மொத்த வீட்டுக்கும் ஒரு டிரிப்பரும் போட்டிருந்தேன்.

அந்த டிரிப்பர் என்ன பண்ணும்னா, வீட்டுக்குள்ள போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் ஒரே அளவா இருக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். நடுவுல யாரு உடம்பு வழியாவது கொஞ்சம் தரைக்குப் போச்சுன்னா, கண்ணு சிமிட்டறதுக்குள்ள எல்லாத்தையும் கட் பண்ணிடும். உசுரு காக்கற சாமான். ஆனா ஜனங்களுக்கு அது ஒரு தொல்லை. அடிக்கடி விழுதுன்னா, "அதை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடுப்பா"ன்னு நிப்பாங்க. ரெண்டு துண்டு ஒயர் வெச்சு டிரிப்பரைத் தாண்டி இணைச்சுட்டா போதும், அஞ்சு நிமிஷ வேலை. செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போன மாசம் பின் தெரு மங்கம்மா அக்கா நச்சரிப்பு தாங்காம அவங்க வீட்டுல அப்படித்தான் பண்ணிட்டு வந்தேன். அன்னிக்கும் ரெண்டு துண்டு ஒயரை வெட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் கிளம்பினேன்.

அண்ணன் உப்பளத்துல மேஸ்திரி. வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாரு. "இன்னிக்கு அந்த டிரிப்பரைக் கழட்டுறியா, இல்ல நான் வேற ஆளை வெச்சு பழைய மாதிரி பலகையே மாட்டிக்கட்டுமா?"ன்னாரு. எனக்கும் வாய்க்கு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழட்டிட்டேன்.

கழட்டறப்போ சும்மாதான் கேட்டேன். "எப்பண்ணே விழுது?"

"எல்லாம் இவளால. இவ வேலை விட்டு வந்து வாஷிங் மிஷின்ல கை வெச்சா போதும், டப்புன்னு விழுந்துடும். நான் துணி போட்டா விழாது. அவ கை ராசி அப்படி"ன்னு சிரிச்சாரு. உள்ளேர்ந்து முத்தம்மா அக்கா, அதான் அவரு பொண்டாட்டி, "ஆமா, எல்லாத்துக்கும் என் கைதான்"னு முணுமுணுத்தாங்க. அவங்களும் உப்பளத்துலதான், பாத்தியில உப்பு வார்ற வேலை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒரு விஷயம் புரியலன்னா சோறு எறங்காது. பெட்டிக்கு புருஷன் கை எது, பொண்டாட்டி கை எதுன்னு எப்படித் தெரியும்? மூடியைத் திரும்ப மாட்டி, டிரிப்பரைத் தூக்கி விட்டுட்டு பின்கட்டுக்குப் போனேன்.

மிஷின் சிமெண்டு தரையில நின்னுச்சு. அடியெல்லாம் துரு, சுத்தி ஈரம். அண்ணன் வந்து சுவிட்ச்சைப் போட்டு அது மேல தட்டிக் காட்டினாரு, ஒண்ணும் ஆகல. கால்ல ரப்பர் செருப்பு. நானும் புறங்கையால தொட்டேன், ஒண்ணும் ஆகல. நானும் செருப்போடதான் நின்னேன். அக்காவைப் பாத்தேன். வெறுங்கால். குதிகால் ரெண்டும் வெடிச்சு, வெரல் சந்தெல்லாம் வெள்ளையா ஊறிப் போயிருந்துச்சு.

"அக்கா, மிஷினைத் தொட்டா உங்களுக்கு என்னா ஆகுது?"

"ஒண்ணும் ஆவாது தம்பி. உப்பு கடிக்கும், அவ்ளோதான்."

உப்பளத்துல வேலை செய்யறவங்க வாயில நாளுக்கு பத்து தடவை வர்ற வார்த்தை அது. வெடிப்புல உப்புத் தண்ணி பட்டா சுருக்கு சுருக்குன்னு எரியும், அதுக்குப் பேரு உப்பு கடிக்கறது. யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நானும் விட்டிருப்பேன். ஆனா துணி துவைக்கற மிஷினுக்கு உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

"குழாய்ல கை கழுவினா கடிக்குதா?"

அக்கா யோசிச்சாங்க. "இல்ல. மிஷின்ல மட்டும்தான். எட்டு மாசமா இருக்குது. முன்னாடியெல்லாம் சில நாளு கையை இழுத்துப் புடிச்சுக்கும், உதறித்தான் எடுப்பேன். இந்தப் புதுப் பெட்டி வந்தப்புறம் பரவால்ல. ஒரே ஒரு சுருக்கு, அதோட கரண்டும் போயிடுது."

அண்ணன் இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. "மருந்துக் கடை களிம்பு கூட வாங்கியாந்து குடுத்தேன்பா, தடவவே மாட்டா"ன்னாரு.

பல்பு மாட்டின ஹோல்டர் ஒண்ணு எடுத்து, அதோட ஒரு ஒயரை மிஷின் உடம்புல வெச்சேன். இன்னொரு ஒயர்ல நீட்டமா ஒரு ஆணியைக் கட்டி, தரை ஓரத்து ஈர மண்ணுல குத்தினேன். பல்பு ஒரு மின்னு மின்னுச்சு. டப்புன்னு வீடு முழுக்க நின்னு போச்சு.

"பாத்துக்கங்க அண்ணே. அக்கா நின்ன எடத்துல இப்போ பல்பு நிக்குது."

அவரு சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. ஈரக் கை, வெறுங்கால், வெடிப்பெல்லாம் உப்பு. கரண்ட்டுக்கு அதை விட நல்ல வழி கிடையாது. ரப்பர் செருப்பு போட்ட எங்களுக்கு அது வழியே விடல. பெட்டி ஒவ்வொரு தடவை விழுந்ததும் அக்காவைக் காப்பாத்தத்தான் விழுந்திருக்குது. அதைத்தான் கழட்டச் சொன்னாரு, நானும் கழட்ட வந்தேன்.

அப்புறம் எர்த்து ஒயர் ஞாபகம் வந்துச்சு. மிஷின்ல கரண்ட் கசிஞ்சா அது எர்த்து வழியா இல்ல போகணும்? வீட்டுக்குப் பின்னாடி போயி ஒயரைப் புடிச்சு இழுத்தேன். கையோட வந்துடுச்சு. மண்ணுக்குள்ள இருந்த கம்பி மொத்தமும் துருத்தூளு. மத்த ஊர்ல எர்த்து குழியில உப்பும் கரியும் வாங்கிக் கொட்டுவாங்க. நம்ம ஊரு மண்ணே உப்பு, எர்த்துக்கு என்ன கொறைச்சல்னு நாங்க பெருமையா பேசிக்குவோம். பெட்டி மாட்டின அன்னிக்கு நான் அந்தக் குழியை எட்டிக்கூடப் பாக்கல. அந்த உப்புதான் கம்பியைத் தின்னிருக்குது. தப்பு என்னோடதுதான், அதை அண்ணன் கிட்ட வாயைத் திறந்து சொன்னேன். அவரு என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

செம்பு பூசின ராடு ஒண்ணு வாங்கியாந்து அடிச்சு, புது ஒயர் இழுத்தேன். இப்போ யாரும் தொடாமலே, பிளக்கைச் சொருகினதுமே பெட்டி விழுந்துச்சு. கசியற கரண்ட் எர்த்து வழியா போனா அப்படித்தான் விழணும். மிஷினைத் திருப்பிப் பாத்தா, துருப்புடிச்ச தகடு மோட்டார் ஒயர்ல உரசி தோலைக் கிழிச்சு வெச்சிருந்துச்சு. ஒயரை மாத்திட்டு மறுபடி போட்டேன். ஓடுச்சு.

முத்தம்மா அக்கா வெறுங்காலோட வந்தாங்க. நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள மிஷின் மேல ரெண்டு கையையும் வெச்சாங்க. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருந்தாங்க.

"கடிக்கல தம்பி."

"இனிமே கடிச்சா உப்புன்னு விடாதீங்கக்கா. எனக்கு போன் பண்ணுங்க."

"சொல்றேன். மங்கம்மா கிட்டயும் சொல்லணும். அவளுக்கும் ஒரு மாசமா கிரைண்டர்ல உப்பு கடிக்குதாம். ரெண்டு பேருக்கும் ஒரே பாத்தியிலதானே வேலை."

சட்டைப் பையில அந்த ரெண்டு துண்டு ஒயரும் குத்திக்கிட்டிருந்துச்சு. டூல்ஸ் பையைக் கூட எடுக்கல, கையில ஸ்குரூ டிரைவர் மட்டும்தான். வண்டியை எடுத்தா சுத்திப் போகணும்னு, சந்து வழியா ஓடினேன். மங்கம்மா அக்கா வீட்டு வாசல்ல நின்னப்போ மூச்சு வாங்குச்சு. உள்ள கிரைண்டர் ஓடற சத்தம் கேட்டுச்சு.

"அக்கா, அதுல கை வெக்காதீங்க. வெளிய வாங்க."

மாவுக் கையோட வந்து நின்னாங்க. "என்னப்பா, இப்படி ஓடியாற?"

"கிரைண்டர் தொட்டா உப்பு கடிக்குதா?"

"ஆமாம்பா. உனக்கு யாரு சொன்னது?"

நான் நேரா உள்ள போயி மெயினை ஆஃப் பண்ணேன். அப்புறம் போன மாசம் நானே போட்ட ரெண்டு துண்டு ஒயரையும் கழட்டி அவங்க கையில குடுத்தேன்.

"கடிச்சது உப்பு இல்ல, நான்தான்க்கா"ன்னேன்.