கிளைக்குப் பின்னால்

மீன்கொத்தி பறந்தபோது அவள் விரல் பிந்தவில்லை. கேமராதான் காலை வாரியது. திரையில் நாணல் இலைகள் நரம்பு தெரிகிற அளவுக்குத் துல்லியமாக நின்றன. அவற்றின் குறுக்கே ஒரு நீலத் தீற்றல், யாரோ ஈரத்துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி.

"பறவை எங்க?" எட்டிப் பார்த்துக் கணவன் கேட்டான்.

"அதத்தான் நானும் தேடுறேன்."

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்ச அடக்குங்க, அசையாதீங்க" என்று அவள் சொன்னால் முரட்டு ஆசாமிகள்கூட அப்படியே நிற்பார்கள். இந்தக் குளத்தில்தான் அவள் பேச்சு எடுபடவில்லை. மழைக்காலத்துக்கு முன்பிருந்தே விடுமுறை என்றால் இதே கரை, தண்ணீருக்கு மேல் நீண்ட இதே பட்டுப்போன கிளை. பறவை கிளம்பியதும் ஃபோகஸ் நழுவிப் பின்னாலிருக்கும் நாணல் புதரைக் கட்டிக்கொள்ளும். லென்ஸை மாற்றிப் பார்த்தாள், இடத்தை மாற்றிப் பார்த்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் உம்மென்று வருவாள். "அந்தப் புல்லு மட்டும் இல்லாம இருந்தா..." என்று ஒருநாள் சாப்பிடும்போது வாய்விட்டும் தொலைத்தாள்.

கணவன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். பழுது என்று காதில் விழுந்தால் அவன் கை சும்மா இருக்காது.

அடுத்த ஞாயிறு அவனே அவளை எழுப்பிக் கூட்டிவந்தான். கரை ஏறியதும், "இப்ப பாரு" என்றான், முகமெல்லாம் பல்லாக. கிளைக்குப் பின்னால் நாணல் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வந்து அறுத்துக் கரையோரம் குவித்திருக்கிறான். முழங்கை வரை கீறல். புதர் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர், வழவழவென்று, அவள் ஆசைப்பட்ட அதே மாதிரி.

அவள் மடக்கு முக்காலியை விரித்து உட்கார்ந்தாள். மீன்கொத்தி வந்தது. கிளையை நெருங்கி, காற்றிலேயே தயங்கி, உட்காராமல் திரும்பிப் போய்விட்டது. அதன் பிறகு வெயில்தான் ஏறியது.

"வரும்ல?" என்றான்.

"ஒளிய எடம் இருந்துச்சு, அதனாலதாங்க வந்துச்சு. உங்கள யாரு இதச் செய்யச் சொன்னா?" அவள் கேமராவை மடியில் இறக்கினாள். "படம் வரலன்னு புலம்பினேன். அவ்வளவுதானே?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "வாரா வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வர்ற. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

பதில் எதிர்பார்க்காமல் செருப்பைக் கழற்றினான். குவியலில் இருந்து ஒரு கை நாணலை அள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

"விடுங்க. அது நிக்காது."

அவன் காதில் வாங்கவில்லை. முழங்கால் அளவு சேற்றில் குனிந்து ஒவ்வொன்றாக ஊன்றினான். ஊன்றியது சாய்ந்தது, சாய்ந்ததை நிமிர்த்தினான். மடியில் கிடந்த கேமராவை அவள் தொடவில்லை. ஒரு நாணல் தண்டு மட்டும் எப்படியோ நின்றது. அதிலிருந்து அவன் கையை மெல்ல, மிக மெல்ல, விலக்கிக்கொண்டிருந்தான்.