நூற்றுப் பத்தும் எழுபதும்

நாற்பத்திரண்டு நாட்களாக லிங்கத்தின் வலது முழங்கால் நூற்றுப் பத்து டிகிரியில் நின்றிருந்தது. மடக்கச் சொல்வேன், அளப்பேன், நூற்றுப் பத்து என்பேன். "ஏறும் மேடம்," என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்வார்.

லிங்கம் டைல்ஸ் பதிக்கிறவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கழக்கூட்டத்தில் ஒரு ஃப்ளாட்டில் டைல்ஸ் பெட்டியைச் சுமந்து ஏறும்போது படியில் சறுக்கி விழுந்து முட்டிச் சில்லு உடைந்தது. கம்பி போட்டிருக்கிறது. காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான்.

இதற்கு மேல் மடங்காது என்று டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து எங்களிடம் சொல்லிவிட்டார். "அது டாக்டர் பறயும். நீ மிண்டண்டா," என்றார் என் சீனியர் பிந்து சேச்சி மலையாளத்தில். லிங்கத்திடம் டாக்டரே சொல்லட்டும், நான் வாய் திறக்க வேண்டாம் என்று. பேசாமலிருப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

புதன்கிழமை லிங்கம் மகளின் கோணமானியை எடுத்து வந்தார். கூடவே அவருடன் வேலை செய்யும் வீரபாண்டி.

"மேடம், நீங்க நூத்திப்பத்துங்கீங்க. வீட்ல வச்சுப் பாத்தா எழுவதுதான் காட்டுது. காலு பின்னால போகுதோ?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா, கேட்டோ. நாங்க நீட்டின காலைப் பூஜ்யம்னு வச்சு, எவ்வளவு மடங்குதுன்னு பாப்போம். ஸ்கூல் கணக்குல நீட்டின காலு நூத்தியெண்பது. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவுல உள்ளதை அளப்பாங்க. ரெண்டையும் கூட்டுங்க."

கூட்டிப் பார்த்தார். "நூத்தியெம்பது. சரிதான்."

"அப்ப இவன் காலு என்ன கோணம்?" என்றார் வீரபாண்டி.

"தொண்ணூறுக்குக் கீழ. குறுங்கோணம்."

"எம்மவ மலையாளத்துல படிக்கா, அத ந்யூனகோண்ங்கா," என்றார் லிங்கம். "மொத வந்தப்ப விரிகோணம்லா. செங்கோணம் வந்த அன்னைக்கு இங்க எல்லாருக்கும் லட்டு குடுத்தேன்."

"எனக்குத் தரலியே."

"நீ காலையா ஒடச்ச? லே, உக்காரு. இவன அளங்க மேடம்."

வீரபாண்டி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலையில் உட்காருவதுபோலவே தரையில் குந்தினார். காத்திருந்த ஓர் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிரிக்காதலே, டிகிரி மாறும்."

என் அளவில் நூற்று நாற்பத்தைந்து. லிங்கம் கோணமானியை வைத்தார். அதிலும் முதலில் நூற்று நாற்பத்தைந்து என்றே படித்தார். பிறகு, "குறுங்கோணம்லா, தொண்ணூறுக்குக் கீழதான இருக்கணும்," என்று தானே திருத்திக்கொண்டு உள்வரிசை எண்ணுக்கு வந்தார். முப்பத்தைந்து.

"எழுவதுலேருந்து முப்பத்தஞ்சு. சரி பாதி," என்றார். முகம் தெளிந்திருந்தது. "கிழக்கேகோட்டையில ஒரு டைல்ஸ் கடையில ஆளு கேக்காங்க. நின்னுக்கிட்டே செய்யுத வேலை. இன்னைக்குள்ள பதில் சொல்லணும். பதிச்சவன் போயி சாம்பிள் காட்டிக்கிட்டு நிக்கவா? வேண்டாம்னு சொல்லிருதேன். இந்தப் பாதி எத்தன நாள்ல வரும் மேடம்?"

நான் சேச்சியின் அறையைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது.

"வெள்ளிக்கிழமை டாக்டர் வருவார். அவர்கிட்ட கேட்டுட்டு..."

"டாக்டர் என்னைக்கு அளந்தாரு? அளக்கது நீங்கதான."

"எந்திரிக்கட்டுமா?" என்றார் வீரபாண்டி, குந்தியபடியே.

லிங்கம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கடைக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

"வேண்டாம்னு சொல்லாதீங்க அண்ணா," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வராது. எழுபதோட நின்னுடும்."